தீவுப் பயணப் பருவம் (சென்னை)

தீவுப் பயணப் பருவம் என்பது வெப்பமண்டலத் தீவு ஒன்றிற்குச் சென்று வருவதற்கு மழையும் காற்றும் கடலும் இடந்தரும் காலப்பகுதி ஆகும். சென்னையிலிருந்து எளிதில் சென்றடையக்கூடிய தீவுகள் அந்தமான் தீவுகள், இலங்கை, மாலைத்தீவுகள், இலட்சத்தீவுகள் ஆகியன. இவை யாவும் சென்னையைப் போலவே பருவக்காற்றுகளால் மழை பெறுபவை. எனினும் ஒரே காற்று ஓரிடத்தில் பெருமழையையும் மற்றோரிடத்தில் வறட்சியையும் தருகின்றது. ஆகவே மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் வாழ்வோர் தம் ஊரின் மழைக்காலத்தைக் கொண்டு இத்தீவுகளின் மழைக்காலத்தைக் கணித்தல் பொருந்தாது. பள்ளி விடுமுறை விழும் மே மாதத்தில் அந்தமானுக்குச் செல்வது இத்தகைய கணிப்புப் பிழைகளுள் முதன்மையானது எனலாம்.

சென்னையின் பருவம்

வெப்பமண்டலத்தில் ஆண்டின் பிரிவுகளைத் தீர்மானிப்பது வெப்பநிலையை விட மழையே. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. இதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பதாகும். நவம்பர் மிகுந்த மழை பெறும் மாதம். இந்தியாவின் பெரும்பகுதி நனையும் சூன், சூலை மாதங்களில் சென்னையில் மாலை நேர இடிமழை மட்டுமே பெய்வது வழக்கம். தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தை இழந்த பின்னரே சோழமண்டலக் கரையை அடைவது இதற்குக் காரணம்.

இதனால் சென்னைவாசி ஒருவருக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை என்பதும், மே என்றால் கத்திரி வெயில் என்பதும் மனத்தில் பதிந்துவிடுகின்றன. இந்தப் பதிவே வெளியூர்ப் பயணங்களில் அவரைத் தவறான மாதத்தில் கொண்டு நிறுத்துகின்றது.

அந்தமான் தீவுகள்

அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேர் ஆகும். 2024 இல் இதற்கு சிறீ விசயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்நகருக்கு வானூர்தியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலும், சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் பயணிகள் கப்பலில் ஏறத்தாழ 60 மணி நேரமும் ஆகும். இரு நகரங்களும் ஏறக்குறைய ஒரே நிலநேர்க்கோட்டை ஒட்டியவை. சென்னை 13 பாகை வடக்கிலும் போர்ட் பிளேர் ஏறத்தாழ 11.7 பாகை வடக்கிலும் உள்ளன. ஆயினும் போர்ட் பிளேரில் பெய்யும் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். இது சென்னை மழையின் இரு மடங்குக்கும் மேலாகும்.

தென்மேற்குப் பருவக்காற்று இந்திய ஆட்சிப்பகுதியில் முதலில் தொடும் நிலம் கேரளம் அன்று, அந்தமான் நிக்கோபார்த் தீவுகளே. கேரளத்தில் சூன் முதல் நாளை ஒட்டித் தொடங்கும் மழை, இத்தீவுகளில் மே மாதம் மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடும். அதாவது சென்னையில் கத்திரி முடியும் முன்னரே அங்கு மழைக்காலம் பிறந்துவிடுகின்றது. அன்று முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றும், அதன் பின் வடகிழக்குக் காற்றும் மழை தருவதால், இத்தீவுகளின் வறண்ட காலம் குறுகியது. சனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையுள்ள மூன்றரை மாதங்களே உறுதியாக நம்பத்தக்கவை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மழை மிகக் குறைவு, கடலும் அமைதியானது. பவளப் பாறைகளைக் காண நீரில் மூழ்குவோர் இக்காலத்தையே தேர்வர்.

பயண விளம்பரங்களில் "அக்டோபர் முதல் மே வரை" என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். இது மழையற்ற காலத்தைக் குறிக்கவில்லை.

2016 டிசம்பர் நிகழ்வு

இப்பருவக் கணக்கின் பொருளை 2016 டிசம்பர் மாதம் நன்கு காட்டியது. அம்மாத முதல் வாரத்தில் அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலத்தால் பலத்த காற்று வீசி, தீவுகளுக்கு இடையிலான படகுப் போக்குவரத்து நின்றது. ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகளில் (2018 இல் இவை முறையே சுவராஜ் தீவு, சாகித் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றன) ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டனர். கடற்படை, கடலோரக் காவற்படை ஆகியவற்றின் கலங்களும் உலங்கு வானூர்திகளும் கொண்டு அவர்கள் மீட்கப்பட்டனர்.

அந்தத் தாழ்வு மண்டலம் அங்கேயே ஓய்ந்துவிடவில்லை. மேற்கு நோக்கி நகர்ந்து, வர்தா என்னும் புயலாகி, டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்தது. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வானூர்தி நிலையம் மூடப்பட்டது. தீவில் சிக்கியவரைத் தடுத்த காற்றும் அவர் வீட்டு வாசல் மரத்தைச் சாய்த்த காற்றும் ஒன்றே என்பது இங்குக் கருதத்தக்கது. எனவே அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் இறுதி வரை, சேருமிடம் மட்டுமன்றிப் புறப்படுமிடமும் ஐயத்துக்கு உரியது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது, அவ்வாற்றின் குறுக்கே செல்லும் ஓடுபாதையை உடைய மீனம்பாக்கம் வானூர்தி நிலையம் பல நாட்கள் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து சில வானூர்திகள் இயக்கப்பட்டன.

இலங்கை

இலங்கைக்கு ஒரே பயணப் பருவம் இல்லை, இரண்டு உண்டு. தீவின் நடுவே உயர்ந்துள்ள மத்திய மலைநாடு (இதன் உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலை 2,524 மீட்டர்) இரு பருவக்காற்றுகளையும் தடுத்து நிறுத்துவதே இதற்குக் காரணம். மே இறுதி முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரி ஆகிய இடங்களை உள்ளடக்கிய ஈர வலயத்துக்கு மழை தருகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அக்காற்று வெப்பமாகவும் வறட்சியாகவும் மாறிவிடுகின்றது. மட்டக்களப்பு மக்கள் இதனைக் கச்சான் என்பர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலை தலைகீழாகும். வடகிழக்குக் காற்றினால் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியன நனையத் தென்மேற்குக் கரை வெயில் காயும். இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட மார்ச்-ஏப்ரல், அக்டோபர்-நவம்பர் மாதங்கள் பருவ இடைக்காலங்கள் எனப்படும். அப்போது காலை தெளிந்திருந்து, பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது பொதுவான போக்கு.

சென்னைக் குடும்பங்களுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. இலங்கையின் கிழக்கு, வடக்குப் பகுதிகளின் மழைக்காலம் ஏறக்குறைய சென்னையின் மழைக்காலமே. ஆகவே சென்னையின் கோடை விடுமுறையில் அந்தமானும் மாலைத்தீவுகளும் மேகம் சூழ்ந்திருக்க, திருகோணமலையை அடுத்த நிலாவெளி, பாசிக்குடா ஆகிய கடற்கரைகள் வெயிலும் அமைதியான கடலும் கொண்டிருக்கும். வெப்பம் சென்னைக்கு இளைத்ததன்று என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் மே மாதத்துச் சென்னையைத் தாங்கியவருக்கு அது புதிதன்று. ஆடி, ஆவணி மாதங்களில் 25 நாட்கள் நடைபெறும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவும் இவ்வறண்ட காலத்திலேயே வருகின்றது. சூலை முதல் செப்டம்பர் வரை மின்னேரியாக் குளத்தின் நீர் வற்ற வற்ற, வெளிப்படும் பசும்புல்லைத் தேடி நூற்றுக்கணக்கான யானைகள் அங்குத் திரள்கின்றன. மழைக்காலத்தில் செல்பவருக்கு இக்காட்சி கிட்டாது.

மாறாக, சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் டிசம்பர் முழுநிலவில் தொடங்கி மே மாத வெசாக் முழுநிலவில் முடிகின்றது. தென்மேற்கு மழையில் அம்மலைப் படிகளில் ஏறுவது கடினம் என்பதை இந்நாட்காட்டியை வகுத்தோர் அறிந்திருந்தனர். நீலத்திமிங்கிலம் காணச் செல்வோரும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்கரையிலுள்ள மிரிசைக்கும், மே முதல் திருகோணமலைக்கும் செல்கின்றனர்.

கடல்வழியும் பருவமும்

சென்னை எழும்பூரிலிருந்து தொடர்வண்டியில் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் தொடர்வண்டியில் கொழும்பு செல்லும் வழி 1914 இல் திறக்கப்பட்டது. "போட் மெயில்" என்று மக்கள் வழங்கிய இவ்வழி அரை நூற்றாண்டு இயங்கியது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடி ஊரையே அழித்தது. பாம்பனிலிருந்து அங்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் தொடர்வண்டியைக் கடல் கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து இயங்கி, 1980களில் இலங்கை உள்நாட்டுப் போர்ச்சூழலில் நின்றுபோயிற்று.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான புதிய பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை சென்னையிலும் நாகையிலும் வழமையாகத் தொடங்குவது அக்டோபர் 20 ஐ ஒட்டி. எனவே ஒரு வாரத்துக்குள் சேவையை நிறுத்த நேர்ந்தது வியப்பன்று. 2024 ஆகஸ்டில் அது மீண்டும் தொடங்கியது. இவ்வழியில் செல்ல விரும்புவோர் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள நாட்களை நம்பித் திட்டமிடாதிருத்தல் நலம்.

பொதுவாக மழையளவைக் காட்டும் அட்டவணை பயணிக்குப் பாதிச் செய்தியையே தருகின்றது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் மழை பெய்த நாளை மழைநாள் என்று கணக்கிடுகின்றது. ஒரு மாதத்தில் 300 மில்லிமீட்டர் என்பது இரண்டே நாட்களில் பெய்ததாகவும் இருக்கலாம், நாள்தோறும் ஒரு மணி நேரம் பெய்ததாகவும் இருக்கலாம். மேலும் படகுகளை நிறுத்துவது பெரும்பாலும் மழையன்று, காற்றும் அலையுமே. ஆகவே மழைநாட்களின் எண்ணிக்கையையும் காற்றின் திசையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண்ணுடையது. ஒன்றாம் எண் தொலைவில் புயல் சின்னம் தோன்றியுள்ளதை மட்டுமே குறிக்கும். அது உருவான இடம் பெரும்பாலும் அந்தமானுக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட கடலே என்பதைத் தீவு செல்பவர் மறக்கலாகாது.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டிட்வா புயலில் வெள்ளத்தாலும் மலைநாட்டு நிலச்சரிவுகளாலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் அது வலுவிழந்து சென்னைக்கு மழை தந்தது. பருவ இடைக்காலத்தின் பிற்பகுதி இலங்கையின் எக்கரைக்கும் பாதுகாப்பானதன்று என்பதற்கு இது அண்மைச் சான்று.

மாலைத்தீவுகளும் இலட்சத்தீவுகளும்

மாலைத்தீவுகளில் சனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம்; மே முதல் தென்மேற்குக் காற்றின் காலம். அங்குள்ள மீனவரும் உழவரும் வழிவழியாகப் பயன்படுத்திய காலக்கணிப்பு முறை தமிழருக்குச் சுவையானது. ஆண்டை 27 பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் 13 அல்லது 14 நாட்கள் என அமைத்து, நட்சத்திரப் பெயர்களால் அழைக்கின்றனர். "நகாய்" எனப்படும் இப்பகுதிகளுள் ஏப்ரல் 8 ஐ ஒட்டித் தொடங்கும் அஸ்ஸிதா நம் அசுவினி. மே 6 ஐ ஒட்டித் தொடங்கும் கெத்தி நம் கார்த்திகை. சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் அந்நாட்களையே நாம் அக்னி நட்சத்திரம் என்கிறோம். சென்னையில் தார்ச்சாலை உருகும் அதே நட்சத்திரம், மாலைத்தீவு மீனவருக்கு வானம் இருண்டு காற்றுத் திரும்புவதன் அறிகுறியாகும்.

இலட்சத்தீவுகளுக்குப் பெரும்பாலும் கொச்சியிலிருந்து செல்கின்றனர்; முன் அனுமதியும் தேவை. தென்மேற்குக் காற்று நேரே தாக்குவதால் மே நடு முதல் செப்டம்பர் நடு வரை சிறு கலங்களின் போக்குவரத்து அங்கு மிகவும் குறைந்துவிடும்.

சென்னை நாட்காட்டியுடன் பொருத்துதல்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை டிசம்பர் இறுதியில் வருகின்றது. அப்போது இலங்கையின் தென்மேற்குக் கரை ஏற்றது. அந்தமான் ஐயத்துக்கு உரியது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழி இசை விழா நடக்கும் நாட்கள் இவை என்பதால், இசை விரும்பிகள் ஊரை விட்டு அசைவதும் அரிது. அவர்களுக்கும், விழாவுக்கென வெளிநாடுகளிலிருந்து வந்து தங்குவோருக்கும், பொங்கல் கழிந்த சனவரி இறுதி வாய்ப்பான காலம். புயற்காலம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அந்தமான், மாலைத்தீவுகள், கொழும்பு, காலி ஆகிய அனைத்தும் ஒருசேர வறண்டிருக்கும் வாரங்கள் இவையே. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இது இயலாது. அவர்கள் அந்தமானைத் தேர்வதாயின் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே சென்று திரும்புதலும், மே மாதம் மட்டுமே கிடைக்குமாயின் கிழக்கிலங்கையைத் தேர்தலும் பொருத்தம்.

எம்மாதத்தில் சென்றாலும், சுவராஜ் தீவு போன்ற சிறு தீவுகளில் பயணத்தின் இறுதி நாளைக் கழித்தல் தவிர்க்கத்தக்கது. படகு ஒரு நாள் நின்றாலும் சென்னை வானூர்தியைத் தவறவிட நேரும். சிறு தீவுகளை முதலிற் பார்த்துவிட்டு, புறப்படுவதற்கு முந்திய நாளே போர்ட் பிளேருக்குத் திரும்பிவிடுவது அங்குச் சென்று பழகியோர் கைக்கொள்ளும் முறையாகும்.