புதிய விசுவாசிக்கு ஒரு துணை

கிறிஸ்தவ வாழ்வின் முதல் ஆண்டுகளில் எழும் ஐயத்தையும் தளர்ச்சியையும் யாரிடமும் சொல்லாமல் தனியே சுமப்பதே விசுவாச உறுதி என்று கருதுவோர் உண்டு. திருச்சபையின் வரலாறோ தொடக்கத்திலேயே உதவி நாடியவர்களின் வரலாறாக இருக்கிறது.

அவர்களுள் ஒருவர் தேவசகாயம் பிள்ளை. 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்த அவர், அடுத்தடுத்த இழப்புகளால் மனம் ஒடிந்திருந்த காலத்தில், 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் அதே அரசின் படைக்குப் பயிற்சியளித்துவந்த டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாயிடம் தம் துயரத்தைக் கூறினார். எல்லாம் இழந்தும் இறைவனைப் பற்றி நின்ற யோபுவின் கதையை டிலனாய் அவருக்கு எடுத்துரைத்தார் என்பது மரபு. அதைவிடப் போற்றத்தக்கது, படைவீரரான தம்மால் இயன்றது எதுவரை என்று அறிந்து, வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதர் என அழைக்கப்பட்ட இயேசு சபைக் குருவிடம் அவரை அனுப்பிவைத்த பண்பு. மறைக்கல்வி, அதாவது விசுவாசத்தின் அடிப்படைகளை முறையாகக் கற்றல், முடிந்த பின்னரே 1745 மே 14 அன்று நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை அவர் தளராமல் நின்றதற்கு, அந்தத் தொடக்க காலப் பயிற்சி அடித்தளமாயிற்று எனலாம்.

மெதடிஸ்த மரபில் இதே தேவையை 1742இல் பிரிஸ்டலில் தோன்றிய வகுப்புக் கூட்டம் நிறைவு செய்தது. ஏறத்தாழ பன்னிரண்டு பேர் கொண்ட குழுவின் தலைவர், ஒவ்வொருவரையும் வாரந்தோறும் சந்தித்து ஆன்ம நலம் விசாரித்தார்.

கிள்ளானுக்கு வடக்கே உள்ள காப்பாரில் இந்தத் தேவை இன்று கூடியிருக்கிறது. முன்பு தோட்டத்து லயன் வீடுகளில் ஒருவர் வாட்டம் அடுத்த வீட்டுக்குத் தானாகவே தெரிந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடியேறி, ஷிப்ட் முறையில் தொழிற்சாலைக்குச் செல்வோருக்கு அந்த அண்மை இல்லை. குடும்பத்தில் தாம் ஒருவர் மட்டுமே கிறிஸ்தவராக இருப்பவர், கோயில் பிரசாதத்தை வாங்கலாமா, தந்தையின் கருமாதியில் எங்கே நிற்பது, தாயின் கண்ணீருக்கு என்ன பதில் சொல்வது என்று திகைக்கும்போது, ஞாயிறு பிரசங்கம் மட்டும் போதாது. படையலுண்ணுதல் பற்றிக் கொரிந்து சபையார் பவுலிடம் கேட்டது போலவே, இவற்றையும் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

துணை நிற்பவர், கேட்டதை வெளியே சொல்லாதவராகவும், பெற்றோரை வெறுக்கத் தூண்டாதவராகவும், தம் அறிவுக்கு மிஞ்சியதை ஆயரிடமோ மருத்துவரிடமோ ஒப்படைப்பவராகவும் இருத்தல் இன்றியமையாதது. தம்மை மட்டுமே சார்ந்திருக்கச் சொல்பவரை விட்டு விலகுவதே நலம். காப்பார் வட்டாரச் சபைகள் ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவருக்கும் முதல் ஓராண்டுக்கேனும் இத்தகைய ஒருவரை நியமிக்க வேண்டும். அப்படி யாரும் நியமிக்கப்படாத புதிய விசுவாசி, தயங்காமல் இந்த வாரமே ஆயரிடம் சென்று கேட்க வேண்டும்.