பிரமிடின் நடுப்புள்ளிக்கு யார் போனது?

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தாண்டி வந்த எல்லோருக்கும் தேல்ஸைத் தெரியும். அடிப்படை விகிதசமத் தேற்றத்துக்கு அவர் பெயரும் உண்டு. எகிப்துக்குப் போனவர் ஒரு கோலை நட்டு, அதன் நிழலையும் பிரமிடின் நிழலையும் ஒப்பிட்டு, மேலே ஏறாமலே உயரத்தைச் சொல்லிவிட்டார் என்று வகுப்பில் கதை சொல்வார்கள். கோலும் அதன் நிழலும் ஒரு முக்கோணம், பிரமிடும் அதன் நிழலும் இன்னொன்று. ஒரே வெயில் ஒரே சாய்வில் விழுவதால் இரண்டும் வடிவொத்தவை. கரும்பலகையில் மூன்று வரியில் கணக்கு முடிந்துவிடும்.

கீசாவின் மணலில் அவ்வளவு சுலபமாக முடியாது.

தென்னைமர நிழலை அளக்க டேப்பின் ஒரு முனையை மரத்தடியில் வைக்கலாம். பிரமிடுக்கு எங்கே வைப்பது? உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி லட்சக்கணக்கான கற்களுக்கு அடியில் கிடக்கிறது. கூஃபுவின் பெரிய பிரமிடுக்கு அடிப்பக்கம் சுமார் 230 மீட்டர். நடுப்புள்ளி விளிம்பிலிருந்து 115 மீட்டர் உள்ளே. பாதிப் பக்கத்தைக் கூட்டிக்கொண்டால் போயிற்று என்பீர்கள். நிழல் ஒரு பக்கத்துக்குச் செங்குத்தாக விழும்போது மட்டும்தான் அது நேராகப் பொருந்தும். நல்லவேளை, கட்டியவர்கள் நான்கு பக்கங்களையும் நான்கு திசைகளுக்கு நேராகவே வைத்திருக்கிறார்கள். அதனால் நண்பகலில் நிழல் வடக்குப் பக்கத்துக்குச் செங்குத்தாக விழும், தரைக்கு வந்தால்!

வராத நாட்களே அதிகம். பிரமிடின் சரிவு ஏறக்குறைய 52 பாகை. சூரியன் அதைவிட உயரத்தில் நின்றால் வடக்குச் சரிவின் மீதும் வெயில்தான். உச்சியின் நிழல் தரையைத் தொடாது. கீசா வடக்கே 30 பாகையில் இருப்பதால், நண்பகல் நிழல் வெளியே நீள்வது ஏறத்தாழ அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும் வரைதான். நம் நிழலும் நம் உயரமும் சமமாகும் நேரம் பார்த்துத் தேல்ஸ் அளந்தார் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அப்படியானால் சூரியன் 45 பாகையில் நிற்க வேண்டும். நண்பகலில் அது நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி இரண்டாம் வார வாக்கிலும்தான் நடக்கும். கோடையில் சூரியன் நேர் கிழக்கிலோ மேற்கிலோ நிற்கும் சில பொழுதுகளும் உதவலாம். மூல உயரம் 146.6 மீட்டர் என்பதால், 45 பாகை நண்பகலில் நிழலில் 31 மீட்டர் மட்டுமே வெளியே எட்டிப் பார்த்திருக்கும். கோல் நட்டு, இரண்டு முக்கோணம் கண்ட கதை கிரேக்க எழுத்தாளர் புளூடார்க்கினுடையது. அவர் எழுதியது தேல்ஸுக்கு 600 ஆண்டுகளுக்குப் பிறகு. கதை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடினமான பாதியை விட்டுவிட்ட கதை அது.

அந்தப் பாதிக்கு விடை, அரைமணி நேரம் காத்திருப்பது. பிரமிட் நிழலின் முனையைத் தரையில் குறியுங்கள், அதே நொடியில் கோலின் நிழல் முனையையும். சற்று நேரம் கழித்து இரண்டையும் மறுபடி குறியுங்கள். 2 மீட்டர் கோலின் நிழல் முனை 30 சென்டிமீட்டர் நகர்ந்து, பிரமிடின் முனை 22 மீட்டர் நகர்ந்திருந்தால், உயரம் 2 × 22 ÷ 0.30, அதாவது சுமார் 146.7 மீட்டர். நடுப்புள்ளி எங்கே, நிழல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற கேள்விகள் கணக்குக்குள் வரவே இல்லை. இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது அடியும் சேர்ந்து கழிந்துபோகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நிழலின் முனை இரண்டு மீட்டருக்கும் மேல் மங்கிக் கரைந்திருக்கும்.

எட்டாத அடியை இப்படிக் கழித்துத் தள்ளுவதை முறையாக எழுதிவைத்தவர்களில் சீனத்து லியூ ஹுய் முக்கியமானவர். ஆண்டு 263. கடலுக்கு அப்பால் ஒரு தீவு. கரையில் 5 பு உயரக் கம்பங்கள் இரண்டு, 1000 பு இடைவெளியில், தீவுக்கு நேர்கோட்டில். (ஒரு பு கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர்.) முதல் கம்பத்திலிருந்து 123 பு பின்னால் போய்த் தரையில் கண் வைத்துப் பார்த்தால் கம்பத்தின் நுனியும் மலையுச்சியும் ஒன்றாகத் தெரிகின்றன, இரண்டாவதில் 127 பு போக வேண்டியிருக்கிறது. வித்தியாசம் 4. 5 × 1000 ÷ 4 = 1250; கம்பத்தின் 5-ஐக் கூட்டினால் தீவின் உயரம் 1255 பு. கால் நனையவில்லை. ஆனால் 127-க்குப் பதில் 128 என்று அளந்துவிட்டால் விடை 1005 ஆகிவிடும். ஒரு எட்டுப் பிசகினால் மலையில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். இந்த முறையின் பலவீனத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் இதே விகிதம் விளக்குக் கணக்காக வருகிறது: சம உயரமுள்ள இரண்டு சங்குகள் (நிழல் பார்க்க நடும் கோல்கள்), இரண்டு நிழல்கள், நிழல்களின் வித்தியாசத்தால் வகுத்தால் விளக்கின் தூரமும் உயரமும். சென்னைப் பரங்கிமலைப் பக்கம் 1802-இல் நில அளவையாளர் லாம்டன் சங்கிலி போட்டு அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த முக்கோண வலையும் இதன் வாரிசுதான். நிழலுக்குப் பதில் கோணம், கோலுக்குப் பதில் கோணம் அளக்கும் தியோடலைட். அந்த வலையைக் கொண்டுதான், நேபாளத்துக்குள் கால் வைக்க அனுமதி இல்லாமலே எவரெஸ்டுக்கு 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தார்கள்.

உங்கள் ஊர்க் கோபுரமும் ஒரு சின்னப் பிரமிட்தான். கலசத்துக்கு நேர் கீழே டேப் பிடிக்க வழியில்லை. முன்னால் திடல் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். ஒரு மீட்டர் குச்சியும் டேப்பும் சுண்ணாம்புக் கட்டியும் தூக்குக்குண்டும் போதும். குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள், தரை மட்டமாக இருக்கட்டும், இரண்டு முனைகளையும் ஒரே நொடியில் குறிக்க இரண்டு பேர் வேண்டும். கலசங்கள் வரிசையாக இருந்தால், இரண்டு தடவையும் ஒரே கலசத்தின் நிழலைத்தான் குறிக்கிறீர்களா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.