லான்காஸ்டர் சந்தைகளும் ஒரு கம்பளிப் போர்வையும்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள லான்காஸ்டர் கவுன்ட்டிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கிழமை பார்க்க வேண்டும். மேன்ஹைம் பக்கத்திலிருக்கும் ரூட்ஸ் சந்தை செவ்வாய்க்கிழமைதான் கூடும். எஃப்ரட்டாவின் கிரீன் டிராகன் சந்தைக்கு வெள்ளிக்கிழமை. ஆடம்ஸ்டவுனில் பழம்பொருள் வியாபாரம் களைகட்டுவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆமிஷ் மக்களின் கடைகள் அடைத்துக் கிடக்கும். பிலடெல்பியாவிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம் என்று சொல்வார்கள். திரும்பலாம்தான். ஆனால், குதிரை வண்டி போவதைப் பார்த்தது மட்டுமே மிஞ்சும். முடிந்தால் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

சுவிட்சர்லாந்திலும் அல்சாஸிலும் 1693-ல் ஜேக்கப் அம்மான் என்பவர் பின்னால் பிரிந்து நின்ற கிறிஸ்தவர்களின் வழிவந்தவர்கள் ஆமிஷ் மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். வீட்டில் இன்றும் ஒரு ஜெர்மன் வட்டார மொழிதான். கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்குள் மின்கம்பி வராது. இந்தப் பகுதி ஆமிஷ் வண்டிகளுக்குச் சாம்பல் நிறக் கூண்டு. ஒஹாயோ பக்கம் போனால் கறுப்பு. முகம் தெரியப் படமெடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை. கேமராவைப் பையிலேயே வைத்திருப்பதுதான் மரியாதை.

கிரீன் டிராகன் 1932-லிருந்து நடக்கிறது. ஒரு பக்கம் வைக்கோலும் புல்லும் ஏலம் போகின்றன. இன்னொரு பக்கம் கூண்டுகளில் கோழி, முயல். ஏலக்காரர் மூச்சு விடாமல் பாடுகிற வேகத்தில் எனக்கு விலையே பிடிபடவில்லை. எதிரே நின்ற தாடிக்கார விவசாயி லேசாகத் தலையசைத்தார், சரக்கு அவருக்கு முடிந்துவிட்டது. கரும்புப்பாகு வைத்துச் சுடும் ஷூஃப்ளை பை, காய்களை இனிப்பும் புளிப்புமாக ஊறவைத்த சௌ-சௌ, இரண்டையும் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். ஆமிஷ் குடும்பங்கள் தங்களுக்குச் சாமான் வாங்க வருகிற சந்தை என்பதால் இது எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் நான் இங்கே வந்தது துணிக்காக.

340-ம் எண் சாலையில் பேர்ட்-இன்-ஹேண்ட், இன்டர்கோர்ஸ் என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். அங்கே ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். முன்பாதியில் பூப்போட்ட பருத்தித் துணிகள், சுற்றுலா வருகிறவர்களுக்காக. பின்பாதியில் ஒரே நிறத் துணிக்கட்டுகள்: ஊதா, கருநீலம், கரும்பச்சை, அப்புறம் கறுப்பிலேயே எத்தனையோ ரகம். ஓர் இளம் தாய் கறுப்பு ரகங்களை விரலால் கசக்கிக் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மேலங்கியில் பொத்தான் இல்லை; வரிசையாகக் குண்டூசிகள், முனை வெளியே தெரியாதபடி குத்தியிருந்தார். அவர் எடுத்தது பாலியஸ்டர். இஸ்திரி போட வேண்டாம், துவைத்தால் சீக்கிரம் காயும். எட்டுப் பத்து பேருக்குத் துவைத்துக் கொடியில் போடுகிற வீட்டில் அதுதானே முக்கியம்? ஆமிஷ் என்றால் கைத்தறி என்று எண்ணி வருகிறவர்கள் இந்தப் பின்பாதியில் சற்று நேரம் நிற்க வேண்டும்.

ஆமிஷ் மக்களைப் புகழடையச் செய்த குவில்ட் போர்வைகளும் கடைத்துணியில் பிறந்தவைதான். ஒட்டுப்போட்டுத் தைக்கும் கலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கம்பக்கத்து அமெரிக்கப் பெண்களிடம் பார்த்துக் கற்றார்கள். கற்றதைத் தங்கள் மனத்துக்கு ஏற்றபடி மாற்றினார்கள். பூ வேண்டாம், உருவம் வேண்டாம். நிறம் மட்டும் போதும்.

ஆடம்ஸ்டவுனில் ஒரு வியாபாரி அப்படிப்பட்ட பழைய போர்வை ஒன்றை விரித்துக் காட்டினார். மெல்லிய கம்பளித் துணி. நடுவில் முனையில் நிற்கும் ஒரு பெரிய சதுரம், அதைச் சுற்றிச் சதுரம், பிறகு அகலமான கரை. கருஞ்சிவப்பு, நீலம், ஊதா, மொத்தமே மூன்று நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் இவ்வளவுதான். குனிந்து பார்த்தால் அந்த வெற்று நிறத்தின் மேல் கறுப்பு நூலால் இறகு வளையங்களும் முறுக்குக் கயிறும் ஓடுகின்றன, அங்குலத்துக்கு ஒன்பது பத்துத் தையல். ஓரத்தில் அந்துப்பூச்சி அரித்த இரண்டு ஓட்டைகள். அலங்காரம் கூடாது என்று வாழ்ந்த ஒரு பெண், தன் அலங்காரத்தையெல்லாம் கிட்ட வந்தால் மட்டுமே தெரிகிற இடத்தில் வைத்திருக்கிறாள். நெடுநேரம் அதை விட்டு நகர மனம் வரவில்லை.

1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் குவில்ட்களை ஓவியம்போலச் சுவரில் மாட்டியது. சேகரித்தவர்கள் ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும். அதன் பிறகு வியாபாரிகள் லான்காஸ்டர் பண்ணைவீடுகளின் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். பெட்டியடியில் மடித்துக்கிடந்த பாட்டியின் போர்வைக்குக் காசு கிடைக்கிறதென்றால் குடும்பங்கள் கொடுத்தன. எஸ்பிரிட் ஆடை நிறுவனத்தின் டக் டாம்ப்கின்ஸ் அவற்றை சான் பிரான்சிஸ்கோவில் தன் அலுவலகச் சுவர்களில் தொங்கவிட்டார். அவற்றில் பல, 2002-ல் லான்காஸ்டருக்கே திரும்பி வந்தன.

இன்று பண்ணைவீட்டுக் கடைகளில் ஒரு கட்டில் மேல் புதுப் போர்வைகளை அடுக்கி, புத்தகம் புரட்டுவதுபோல ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டுகிறார்கள். இரட்டைக் கட்டில் அளவு ஆயிரம் டாலரைத் தாண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, “பின்பக்கத்தைப் பாருங்கள்” என்று வீட்டம்மா திருப்பிக் காட்டினார். தையல் அங்கேயும் அதே சீர். யார் தைத்தது என்று கேட்டேன். வெட்டியது ஒருவர், இணைத்தது இன்னொருவர், சட்டத்தில் கட்டித் தைத்தது மூன்றாவது வீடு என்றார்.

அந்த மூன்றில் ஒரு கை மோங் பெண்ணுடையதாக இருக்கலாம். 1975-க்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் மக்களில் சிலர் இந்தப் பகுதியில் குடியேறினார்கள். துணிமேல் துணி வைத்து நுணுக்கமாகத் தைப்பது அவர்கள் தாய்வழிக் கலை. எண்பதுகளில் குவில்ட் வியாபாரம் பெருகியபோது கடைக்காரர்கள் இவர்களிடம் வேலை கொடுத்தார்கள். வாங்குகிறவருக்கு இதைச் சொல்லாமல் விட்ட கடைகள் உண்டு. அது எனக்கு வருத்தம் தருகிறது. மோங் கை பட்டதால் அந்தப் போர்வையின் மதிப்பு ஏறுகிறது என்பதே என் எண்ணம். போரில் ஊரிழந்த பெண்களும், மதத்துக்காகத் துன்புறுத்தப்பட்டுக் கடல் கடந்தவர்களின் பேத்திகளும் ஒரே போர்வையில் சேர்ந்து தைத்திருக்கிறார்களே! அதனால், வாங்கும்போது தைத்தவர் யார் என்று கேளுங்கள்.

ஏலத்தில் எடுக்க ஆசையிருந்தால் வசந்த காலம் வரை பொறுக்க வேண்டும். பனி உருகிச் சேறாகும் அந்த மாதங்களில் ஊர் ஊராகத் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்கள் ஏலம் நடத்துகின்றன. ‘மட் சேல்’ என்பார்கள். மார்ச்சில் கோர்டன்வில் ஏலம் பெரியது. குதிரை, கலப்பை, பழைய நாற்காலிகளோடு பெண்கள் தைத்துக் கொடுத்த போர்வைகளும் வரும். வசூல், தீயணைப்பு நிலையத்தின் செலவுக்குப் போகிறது. அங்கே ஆமிஷ் ஆண்களும் தீயணைப்பு வீரர்கள். தீயணைப்பு வண்டியில் ஏறிப் போவார்கள், ஓட்டுவது மட்டும் வேறொருவர்.

(தொடரும்)