கணவாய் நரம்பும் ஒரு கணக்கும்

உயிரின் இயக்கத்தைச் சமன்பாட்டில் அடக்க முடியுமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அதில் பயன்பட்ட ஊசிக்கணவாயின் ராட்சத நரம்பிழை சுமார் அரை மில்லிமீட்டர் பருமன். உள்ளேயே மெல்லிய மின்கம்பியைச் செருகலாம். அப்படிச் செருகி, மின்னழுத்தத்தை அசையாமல் நிறுத்தி, சோடியமும் பொட்டாசியமும் சவ்வைக் கடக்கும் மின்னோட்டத்தை அளந்து சமன்பாடுகளாக்கினார்கள். அளவுகளுக்கு ஏற்றபடி சமன்பாட்டை வளைத்துக்கொண்டார்கள் என்று வாதிடலாம். நரம்புத்துடிப்பு ஓடும் வேகத்தையோ அவர்கள் அதில் புகுத்தவே இல்லை. கைப்பிடி சுழற்றும் கணக்குப்பொறியில் ஹக்ஸ்லி போட்ட கணக்கு நொடிக்கு 18.8 மீட்டர் என்றது; சோதனையில் கிடைத்தது 21.2. எவ்வளவு அருமையான நெருக்கம்! ஆய்வகத்தின் அளவுகள் இல்லாமல் இந்தக் கணக்கே இல்லை என்பதும் உண்மை. 1960-இல் டெனிஸ் நோபிள் இதே சமன்பாடுகளை இதயச் செல்லுக்கேற்ப மாற்றிக் கணினியில் ஓட்டினார். அந்தச் செல் தானாகவே சீராகத் துடித்தது.