ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வேலை

அமெரிக்காவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் எப்போதாவது சுடுதளத்துக்குப் போய், ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டுத் தீர்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதனால் மட்டும் திறமை வளர்வதில்லை. எதைச் சரிசெய்யப் போகிறோம் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு போனால்தான் அது பயிற்சி.

முதலில் பாதுகாப்பு. அமெரிக்க மரைன் படையில் பணியாற்றிய ஜெஃப் கூப்பர், 1976இல் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று அது கன்சைட் அகாடமி. அவர் பரப்பிய நான்கு விதிகளே இன்றும் அடிப்படை: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கருத வேண்டும்; சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது; இலக்கைக் குறிபார்க்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது; இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியும் காதுக்கவசமும் கட்டாயம். ஈயத்துகள் ஒட்டியிருக்கும் என்பதால், முடிந்ததும் கைகளைக் கழுவ வேண்டும்.

புதியவர்களிடம் அதிகம் காணும் குறை, வெடிக்கும் முன்பே உடல் பதறுவது. சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்துக் கை குழலைக் கீழே அழுத்திவிடும். குண்டு தாழ்வாகப் போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே சில டம்மி தோட்டாக்களைக் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். டம்மி வரும்போது வெடிக்காது. அப்போது குழல் முனை குனிந்தால் பதற்றம் இருக்கிறது என்று பொருள். விசையை மெதுவாக, சீராக அழுத்திப் பழகுவதே மருந்து. தோட்டாவே இல்லாத அறையில், துப்பாக்கி காலி என்று இருமுறை சரிபார்த்து, குண்டு ஊடுருவ முடியாத பாதுகாப்பான திசை பார்த்து, வீட்டிலும் இதைப் பழகலாம்.

தற்காப்புப் பயிற்சிக்குத் தொலைதூர இலக்கு முதலில் தேவையில்லை. 3 கஜத்தில் தொடங்கி 7 கஜம்வரை போனால் போதும். குண்டுகள் நெருக்கமாக விழத் தொடங்கிய பிறகே நேரமானியைக் கையிலெடுங்கள். பில் வில்சன் என்பவரின் பெயரில் வழங்கும் 'பில் டிரில்' என்ற பயிற்சி நல்ல அளவுகோல்: 7 கஜத்தில், உறையிலிருந்து எடுத்து, ஆறு குண்டுகளையும் இலக்கின் மையப் பகுதிக்குள் போட வேண்டும். பல உள்ளரங்கத் தளங்களில் உறையிலிருந்து எடுக்க அனுமதி இருக்காது. அங்கே துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்து தொடங்கலாம். ஒரு குண்டு வெளியே போனாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கடைசியாக, சுடாமல் இருக்கவும் பழக வேண்டும். 1996இல் தொடங்கிய ஐ.டி.பி.ஏ. என்ற தற்காப்புக் கைத்துப்பாக்கி அமைப்பின் போட்டிகளில், ஆபத்தில்லாத மனிதரைக் குறிக்கும் இலக்குகளும் நடுவே நிற்கும். அவற்றில் குண்டு பட்டால் தண்டனை நேரம் கூடும். தவறிய குண்டுக்கும் சுட்டவரே பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சுமக்கும் அளவுக்குக் கையும் மனமும் தயாராகும்வரை பயிற்சி முடியவில்லை.