‘இல்லையெனில்’ என்ற வரி

ஷஃபான் மாதம் 29 ஆம் நாள் மஃரிபுக்குப் பின், கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து வரும் அறிவித்தலுக்காகக் காத்திருக்காத வீடு நம்மில் இராது. தலைப்பிறை தென்பட்டால் மறுநாள் நோன்பு. தென்படாவிட்டால் ஷஃபான் 30 ஆகப் பூர்த்தியாகும். எமது நுவரெலியாவில் அந்த மாலைப் பொழுது மூடுபனிக்குள் இருப்பதும் உண்டு. பிறை இல்லாததால் தெரியவில்லையா, பனி மறைத்ததால் தெரியவில்லையா என்று யாரும் தடுமாறுவதில்லை. தெரியாத நிலையில் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒன்று.

கணினி மொழியில் இந்த அமைப்பை நிபந்தனைக் கூற்று என்பார்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் நாங்கள் ‘இஃப்’, ‘எல்ஸ்’ என்று எழுதுவது இதைத்தான். பரீட்சை வினாத்தாளுக்கு வெளியே அது அதிகம் உழைக்கும் ஓர் இடம் இணையத்தளங்களின் வார்ப்புரு.

பெற்றோருக்காகச் சற்று விளக்குகிறேன். இன்று பல இணையத்தளங்களில் ஒவ்வொரு பக்கத்தையும் யாரும் தனித்தனியாக வரைவதில்லை. 2003 இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகளில் தலைப்பு, செய்தி, படம் எல்லாம் தரவுத்தளத்தில் சேர்ந்திருக்கும். வார்ப்புரு என்பது அவற்றைப் பக்கமாக்கிக் காட்டும் அச்சு. எங்கள் தேர்ச்சி அறிக்கைப் படிவத்தைப் போன்றது. படிவம் ஒன்று, பிள்ளைகள் நூறு. ஒரு வேறுபாடு உண்டு. அச்சடித்த படிவத்தில் நிரப்பாத கட்டம் வெறுமையாகவே நிற்கும். வார்ப்புருவிடமோ “படம் இருந்தால் காட்டு, இல்லையெனில் சட்டத்தையும் சேர்த்து மறைத்துவிடு” என்று சொல்லி வைக்கலாம்.

படம் இல்லாத பக்கத்தால் எவருக்கும் கேடில்லை. மண்சரிவு எச்சரிக்கை அப்படியல்ல. பாடசாலைக் கணினி அறையில் பயிற்சிக்காக நான் ஒரு வார்ப்புரு எழுதியபோது அதையே எடுத்துக்கொண்டேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது: விழிப்பாயிருக்க மஞ்சள், வெளியேறத் தயாராக செம்மஞ்சள், வெளியேறச் சிவப்பு. 24 மணி நேர மழைவீழ்ச்சியில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்பன இதற்கான எல்லைகள். உண்மையில் அதிகாரிகள் நிலத்தின் தன்மையையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நான் பயிற்சிக்காக மழையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இந்த மூன்று எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுவதே இயல்பாகத் தோன்றும்:

மழை 75 அல்லது அதற்கு மேல் எனில் மஞ்சள்;
இல்லையெனில், 100 அல்லது அதற்கு மேல் எனில் செம்மஞ்சள்;
இல்லையெனில், 150 அல்லது அதற்கு மேல் எனில் சிவப்பு;
இல்லையெனில், எச்சரிக்கை இல்லை.

பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 160 மில்லிமீற்றர் பெய்த நாளில் இது மஞ்சளைத்தான் காட்டும். 160 என்பது 75 ஐ விடப் பெரியது அல்லவா? முதல் வரியிலேயே ‘ஆம்’ என்று விடை கிடைத்ததும் கணினி எஞ்சிய வரிகளைப் படிப்பதில்லை. வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர்களுக்கு விழிப்பாயிருங்கள் என்று சொல்லிவிடும். எனவே 150 முதலில், பிறகு 100, பிறகு 75 என்று பெரியதிலிருந்து கேட்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது கடைசி ‘இல்லையெனில்’. மழையளவு வந்து சேராமல் அந்தக் கட்டம் வெற்றாக இருந்தால் என்னவாகும்? வெற்றிடம் 150 ஐ எட்டவில்லை, 100 ஐ எட்டவில்லை, 75 ஐயும் எட்டவில்லை. ஆகவே கடைசி வரிக்குப் போய் “எச்சரிக்கை இல்லை” என்று பச்சை நிறத்தில் காட்டும். அளவீடு வராத நாள் எது? அடைமழையில்தானே இங்கே மின்சாரம் போகிறது, கைபேசியில் சிக்னலும் போகிறது! இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது உம்மா கேட்டார்: “மகள், எவ்வளவு மழையெண்டு தெரியாட்டி பயமில்லயெண்டா அர்த்தம்?” எங்கள் பாடநூல் ஒரு பந்தியில் சொல்வதை உம்மா ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் “அளவு கிடைத்ததா?” என்றொரு நிபந்தனை வேண்டும். இதிலும் பிஎச்பி மொழியில் ஒரு பொறி இருக்கிறது. வெற்றா என்று கேட்கும் அதன் கட்டளைக்கு 0 உம் வெற்றுத்தான். மழையே பெய்யாத நாளையும் அளவீடு வராத நாளையும் அது ஒன்றாகவே பார்க்கும். அதனால் “வெற்றா?” என்று கேளாமல் “இது ஓர் எண்தானா?” என்று கேட்பதே பொருத்தம். எண் இல்லையெனில் பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். சாம்பல் நிறத்தில் “அளவீடு கிடைக்கவில்லை” என்று காட்டினால் போதும்.

மொழிக்கும் இதே கேள்வி பொருந்தும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. ஆயினும் அவசர நேரத்தில் தமிழ்க் கட்டம் நிரம்பாதிருந்தால் வார்ப்புரு என்ன செய்யும்? வெறும் பக்கத்தைக் காட்டலாம். சத்தமில்லாமல் ஆங்கிலத்தைப் போடலாம். இரண்டுமே தோட்டத்தில் தமிழ் மட்டும் வாசிக்கும் ஒரு தாயைக் கைவிடுவதுதான் என்பது என் எண்ணம். “தமிழ் விபரம் இன்னும் வரவில்லை” என்று சொல்லிவிட்டுச் சிங்கள அறிவித்தலைக் கீழே தருவது மேல். அதிலும் நல்ல வழி ஒன்று உண்டு. “உடனே வெளியேறுங்கள்” என்ற வாக்கியம் நாளுக்கு நாள் மாறுவதில்லை. மாறுவது ஊர்ப் பெயரும் எண்ணும்தான். மாறாத வாக்கியங்களை ஒரே ஒரு முறை தமிழாக்கி வார்ப்புருவுக்குள்ளேயே வைத்துவிட்டால், மொழிபெயர்ப்பாளர் நித்திரையில் இருக்கும் இரவு 2 மணிக்கும் சிவப்பு எச்சரிக்கை தமிழில் வரும்.

எழுதி முடித்த பின் எல்லைகளில் நின்று சோதிக்க வேண்டும். 74, 75, 99, 100, 149, 150 என்று கொடுத்துப் பார்த்தேன், பிறகு 0, பிறகு வெற்றுக் கட்டம். எல்லாம் சரியாகவே வந்தன. கடைசியாக என் தோழி ஒருத்தி “160 மி.மீ.” என்று அலகையும் சேர்த்துத் தட்டினாள். அது எண் இல்லை என்று வார்ப்புரு “அளவீடு கிடைக்கவில்லை” என்றது. பொய் சொல்லவில்லை, ஆனால் சிவப்பும் வரவில்லை. இதை வார்ப்புருவில் திருத்துவதைவிட, தரவு பதியும் படிவத்திலேயே இலக்கங்களைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி செய்வது எளிது. இப்போது அந்தப் படிவத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.