அயல் ஊர்வன: குவாம் தீவு கற்றுத்தரும் பாடம்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு என்னிடம் வந்து, "டீச்சர், வீட்டுல வளர்க்குற ஆமை பெருசாயிடுச்சு. தொட்டி பத்தல. அப்பா ஊர்க்குளத்துல விட்டுடலாம்ங்கிறாங்க, விடலாமா?" என்று கேட்டான். நான் சற்றும் யோசிக்காமல், "தாராளமா விடு. அடைச்சு வைக்கிறதைவிட அது நல்லதுதானே" என்றேன். அவனுடைய உயிர் இரக்கத்தை வகுப்பில் பாராட்டவும் செய்தேன்.

சில வாரங்கள் கழித்து உணவு வலைப் பாடத்திற்குத் தயாரானபோதுதான் நான் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்தது. அவன் வளர்த்தது கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை கொண்ட, மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் செங்காது ஆமை. அதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. நம் ஊர்க் குளத்திற்கு அது அயல் உயிரினம். அயல் ஊர்வன ஓரிடத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குவாம் தீவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. வகுப்பறையில் பயன்படும் என்பதால் அதை விரிவாகப் பகிர்கிறேன்.

பறவைகள் மறைந்த தீவு

குவாம், பசிபிக் பெருங்கடலில் அமெரிக்க ஆட்சியின் கீழ் உள்ள தீவு. பரப்பு ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைவிடச் சற்றே பெரியது. மண்புழு போன்ற சிறிய குருட்டுப் பாம்பைத் தவிர வேறு நிலப்பாம்பு அங்கு இருந்ததில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், இராணுவச் சரக்குகளோடு பழுப்பு மரப்பாம்பு அங்கு வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளும் நியூகினியும் அதன் சுற்றுவட்டத் தீவுகளும் இதன் தாயகம். இரவில் இரை தேடும், மரமேறுவதில் தேர்ந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் தீவின் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பறவைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பூச்சிக்கொல்லி காரணமா, நோய் காரணமா என்று பலரும் ஆராய்ந்தனர். ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர், பாம்பு பரவிய வரிசையும் பறவைகள் மறைந்த வரிசையும் பொருந்துவதைக் கவனித்தார். பறவைகளை இரையாக வைத்த பொறிகளைக் கொண்டும் சோதித்துப் பார்த்தார். பாம்புதான் காரணம் என்ற அவருடைய ஆய்வு 1987இல் வெளியானது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. தீவுக்குரிய 12 காட்டுப் பறவை இனங்களில் 10 அங்கிருந்து மறைந்துபோயின. குவாம் ஈப்பிடிப்பான் உலகிலிருந்தே அழிந்துவிட்டது.

ஒரு பாம்பு எப்படி இதைச் செய்தது?

மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. நம் ஊரில் இதே பேரினத்தைச் சேர்ந்த பூனைப் பாம்பு இருக்கிறது. அதனால் நம் பறவைகள் அழியவில்லையே! காரணங்கள் மூன்று.

முதலாவது, நம் பறவைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாம்புகளோடு வாழ்ந்து பழகியவை. குவாம் பறவைகளுக்குக் கூட்டைத் தேடி மரமேறும் எதிரியே தெரியாது. இரண்டாவது, நம் ஊரில் பாம்பைப் பிடிக்கக் கழுகு, கீரி, மயில் என்று பல எதிரிகள் உண்டு. குவாமில் அதைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு எதிரிகள் இல்லை.

மூன்றாவது காரணம் முக்கியமானது. இரை குறைந்தால் கொன்றுண்ணியும் குறையும் என்றுதான் கரும்பலகையில் வரைபடம் போட்டுக் கற்பிக்கிறோம். குவாமில் அப்படி நடக்கவில்லை. பறவைகள் குறைந்தபோதும் பாம்புக்குப் பல்லியும் அரணையும் ஏராளமாகக் கிடைத்தன. எனவே கடைசிப் பறவை போகும்வரை பாம்பின் எண்ணிக்கை குறையவில்லை.

பாதிப்பு பறவைகளோடு நிற்கவில்லை. பூச்சிகளையும் சிலந்திகளையும் தின்னும் பறவைகள் போனதால், மழைக்காலத்தில் குவாம் காடுகளில் அருகிலுள்ள தீவுகளைவிட 40 மடங்கு வரை சிலந்திகள் பெருகியிருப்பதாக ஓர் ஆய்வு கூறுகிறது. பழம் தின்று விதை பரப்பும் பறவைகள் இல்லாததால் புதிய மரக்கன்றுகள் முளைப்பதும் குறைந்தது. மின்கம்பிகளில் பாம்பு ஏறுவதால் அடிக்கடி மின்தடை ஏற்பட்டது.

சரிசெய்ய எத்தனை பாடு! நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் இந்தப் பாம்புக்கு நஞ்சு. இறந்த எலிக்குஞ்சுகளில் 80 மில்லிகிராம் மருந்தை வைத்து ஹெலிகாப்டரிலிருந்து காடுகளில் போடுகிறார்கள். தீவை விட்டுப் புறப்படும் சரக்குகளை மோப்ப நாய்கள் சோதிக்கின்றன. 'கோகோ' எனப்படும் குவாம் கானாங்கோழியைப் பிடித்துக் காப்பிடத்தில் இனம்பெருக்கி, பாம்பில்லாத தீவுகளில் விட்டனர். 2019இல் 'இயற்கையில் அழிந்தது' என்ற நிலையிலிருந்து அது மீண்டது. இவ்வளவுக்குப் பிறகும் குவாமிலிருந்து பாம்பை முழுமையாக அகற்ற முடியவில்லை.

நம் குளத்திற்கு வருவோம்

உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்கள் என்ற பட்டியலில் பழுப்பு மரப்பாம்பும் இருக்கிறது; செங்காது ஆமையும் இருக்கிறது. கடையில் நாணய அளவில் அழகாக இருக்கும் இந்த ஆமை, வளர்ந்தால் ஓர் அடி நீளம் வரை வரும். இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. தொட்டி போதாதபோது குளமும் ஏரியும் கோயில் தெப்பக்குளமும்தான் நினைவுக்கு வருகின்றன.

மீன்குஞ்சு, தவளை முட்டை, நீர்த்தாவரம் எல்லாவற்றையும் இது தின்னும். ஒரே பருவத்தில் பலமுறை முட்டையிடும். ஆமைகளுக்கு வெயில் காய இடம் வேண்டும். அந்த இடத்திலிருந்து ஐரோப்பியக் குளத்தாமையை இது விரட்டுவதைப் பிரான்சு நாட்டு ஆய்வுகள் காட்டின. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியைத் தடை செய்தது. நம் குளங்களில் பாலாமையும் காராமையும் இருக்கின்றன. ஏற்கெனவே ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் இடம் சுருங்கிப்போன அவற்றுக்கு இன்னொரு போட்டியாளரை நாமே கொண்டுபோய் விடலாமா?

"ஒரே ஒரு ஆமைதானே டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒற்றை ஆமை இனம் பெருக்காதுதான். ஆனால் அதே கடையில் வாங்கிய எல்லோரும் அப்படி நினைத்தால் குளத்தில் இருப்பது ஒன்றல்ல.

வகுப்பறையில் செய்யலாம்

மரம், பழம் தின்னும் பறவை, பூச்சி, சிலந்தி, பல்லி, பாம்பு எனப் பெயர் அட்டைகளை மாணவர்களுக்குக் கொடுத்து வட்டமாக நிற்கச் செய்து, உண்ணும் தொடர்புகளை நூலால் இணைக்கலாம். பறவைகளாக நிற்பவர்களை நூலை விடச் சொன்னால், எந்தெந்த இழை தொய்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

வீட்டில் ஆமை, மீன் வளர்ப்போரைக் கணக்கெடுத்து, அவற்றின் தாயகத்தை உலக வரைபடத்தில் குறிக்கச் சொல்லலாம். வளர்க்க இயலாவிட்டால் நீர்நிலையில் விடாமல், வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது வனத்துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம். ஆமையைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும். அதன் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. குவாம் கதையைக் கேட்ட மாணவர்கள் பாம்புகளையே வெறுத்துவிடக் கூடாது. நம் வயல் சாரைப்பாம்பு எலியைப் பிடித்து நெல்லைக் காக்கிறது. குற்றம் பாம்பின் மேல் இல்லை. அதை இடம் மாற்றிய மனிதர் மேல் இருக்கிறது.

நான் செய்த தவறை அந்த மாணவனிடம் வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். "நீ தப்பு செய்யலப்பா, நான்தான் தெரியாம சொல்லிட்டேன்" என்றேன். அதன்பின் நண்பர்களோடு மாலையில் குளக்கரைக்குப் போய்ப் பார்க்கிறான். இருமுறை அது படிக்கட்டில் வெயில் காய்ந்ததாகச் சொன்னான். நெருங்கினால் நீருக்குள் போய்விடுகிறதாம். விடுவதற்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. மீட்க இன்னும் முடியவில்லை.

இப்போது ஏதாவது உயிரைக் கொண்டுவந்து "விடலாமா?" என்று பிள்ளைகள் கேட்டால், நான் முதலில் கேட்பது, "இது எந்த ஊரு?" என்பதைத்தான்.